கேள்வி-பதில்: ஊர் நடுவே பழங்காடு

சின்ன ஊரின் எல்லைக்குள் தப்பிப் பிழைத்து நிற்கும் பழங்காட்டை, அதாவது நெடுங்காலமாக வெட்டாமலும் உழாமலும் விட்ட பழமையான காட்டை, காப்பது பற்றி வந்த கேள்விகள் இந்த முறை. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் ஊருக்குள் 25 ஹெக்டேர் காடு இருக்கிறது. பழங்காடு என்கிறோம் நாங்கள். ‘எல்லாம் ஐம்பது வருஷத்தில் முளைத்தது’ என்கிறார்கள் மனை போட நினைப்பவர்கள். நாங்களே சரிபார்க்க வழி உண்டா?

உண்டு. ஆனால் மரத்தின் பருமனைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். நிழலில் அமுங்கி வளர்ந்த மரம் சாண் அகலத் தண்டோடு நூறு வயதைத் தாண்டியிருக்கும். வெட்டவெளியில் வெயில் வாங்கிய மரம் நாற்பதே ஆண்டில் கட்டிப்பிடிக்க முடியாதபடி பருத்திருக்கும்.

மரத்தைவிடத் தரை அதிகம் சொல்லும். விழுந்த மரங்கள் எந்த நிலையில் கிடக்கின்றன என்று பாருங்கள். பட்டை உரியாதது, பட்டை கழன்றது, விரலால் அழுத்தினால் உள்வாங்குவது, பாசி மூடி மண்ணோடு மண்ணானது என எல்லாமே இருந்தால், மரங்கள் நெடுங்காலமாக ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருக்கின்றன என்று பொருள். அடுத்து, குழியும் மேடும். மரம் வேரோடு சாயும்போது ஒரு குழி விழும். வேர் தூக்கிய மண் பக்கத்திலேயே கரைந்து மேடாகும். நூற்றாண்டுகள் கழித்தும் இந்த மேடுபள்ளம் தெரியும். உழுதால் சமனாகிவிடும். ஆகவே குழிமேடு நிறைந்த தரை, அங்கே ஏர் ஓடவில்லை என்பதற்கு நல்ல சாட்சி.

எதிர்ச் சாட்சிகளையும் மறைக்காமல் எழுதுங்கள்: தட்டையாக அறுத்த அடிக்கட்டைகள், ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டாகக் கிளம்பிய மரங்கள் (வெட்டிய பிறகு துளிர்த்தவை), நேர்கோட்டில் நிற்கும் ஒரே வயது மரங்கள், பழைய வரப்பு. இரண்டொரு அடிக்கட்டை இருப்பதால் காடு தகுதி இழந்துவிடாது. அதை நீங்கள் மறைத்து எதிர்த்தரப்பு கண்டுபிடித்தால்தான் மொத்த அறிக்கையும் கெடும்.

பிறகு அளவெடுங்கள். வரைபடத்தில் கட்டம் போட்டு, 20 × 20 மீட்டர் அளவில் பத்து இடமாவது தேர்ந்தெடுங்கள். அழகான இடமாகப் பார்த்துக் கயிறு கட்டினால் கணக்கு பொய்யாகும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எடுத்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம். பலகைபோல் விரிந்த வேருள்ள மரத்துக்கு அந்த விரிவு முடியும் இடத்துக்கு மேலே அளக்க வேண்டும். கிடக்கும் மரத்துக்கு நடுப்பகுதி விட்டமும் நீளமும் போதும். 40 செ.மீ. விட்டம், 6 மீட்டர் நீளம் என்றால் 0.785 × 0.4 × 0.4 × 6, அதாவது 0.75 கன மீட்டர். ஒரு கட்டம் 0.04 ஹெக்டேர் என்பதால், அந்தக் கட்டத்தின் கூட்டுத்தொகையை 25 ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கான அளவு கிடைக்கும். ஒப்பிட ஒரு குறிப்பு: ஐரோப்பாவில் கைபடாத பீச் மரக் காடுகளில் பட்டு நிற்பதும் விழுந்து கிடப்பதும் சேர்ந்து ஹெக்டேருக்கு 100 கன மீட்டரை எளிதில் தாண்டும். மரத்துக்காக வளர்க்கும் காடுகளில் பெரும்பாலும் 20 ஐத் தொடாது. உங்கள் காட்டின் வகை வேறாக இருந்தால் எண்கள் மாறும். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி பொதுவாக இருக்கும்.

வயதை நேரடியாக அறியப் பென்சில் தடிமனுக்கும் குறைவான மாதிரியை உருவியெடுக்கும் துளைக்கருவி இருக்கிறது. குளிர்காலம் உள்ள நாடுகளில் வளையங்களை எண்ணிவிடலாம். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழாது. அங்கே கார்பன் காலக்கணிப்புதான் வழி. மரம் மாறும்போதெல்லாம் கருவியை ஆல்கஹாலால் துடையுங்கள். துளையைக் குச்சி வைத்து அடைக்காதீர்கள். இதற்கெல்லாம் முன்பாகப் பழைய நில அளவை வரைபடத்தையும் விமானப் படங்களையும் தேடுங்கள். தேதியிட்ட இரண்டு படங்களில் அதே இடத்தில் காடு தெரிந்தால் ‘ஐம்பது வருஷக் கதை’ அங்கேயே முடிந்தது.

காட்டின் நடுவே 10 மீட்டர் அகலச் சாலை வருகிறது. ‘போவது அரை ஹெக்டேர்தான், பதிலாக வேறிடத்தில் 5 ஹெக்டேரில் மரம் நடுகிறோம்’ என்கிறார்கள். லாபம்தானே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் 25 ஹெக்டேர் ஒரு சதுரம் என்று வையுங்கள். பக்கத்துக்கு 500 மீட்டர். ஓரத்திலிருந்து உள்ளே வெயிலும் வறண்ட காற்றும் 100 மீட்டர் வரை பாதிக்கிறது என்றால், உண்மையான உட்காடு 300 × 300 மீட்டர். அதாவது 9 ஹெக்டேர். நடுவே சாலை போட்டால் 250 × 500 மீட்டரில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றிலும் நாலாபக்கமும் 100 மீட்டர் கழித்தால் மிஞ்சுவது 50 × 300 மீட்டர். இரண்டும் சேர்ந்து 3 ஹெக்டேர். சாலையின் அகலத்தைச் சேர்க்காமலே இந்தக் கணக்கு. போவது அரை ஹெக்டேர் அல்ல, உட்காட்டில் மூன்றில் இரண்டு பங்கு.

100 மீட்டர் என்பதும் தாராளமாகக் குறைத்துச் சொன்னதுதான். பிரேசிலின் மனாஸ் நகருக்கு வடக்கே 1979 முதல் நடக்கும் ஆய்வில், அமேசான் காட்டை 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளாகத் தனித்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்து வருகிறார்கள். 60 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள பெரிய மரங்கள், ஓரத்திலிருந்து 300 மீட்டருக்குள் உட்காட்டைவிட ஏறக்குறைய 3 மடங்கு வேகமாகச் செத்தன. காரணம் மர்மமில்லை: காட்டின் கிளைக்கூரைக்கு மேலே தலைநீட்டி நிற்பவை முதலில் காற்றை வாங்குகின்றன, வெயிலில் வற்றுகின்றன, கொடிகளும் அவற்றில்தான் அதிகம் ஏறுகின்றன.

ஒருமுறை பிளந்ததைத் தைப்பது எளிதல்ல. சிங்கப்பூரில் புக்கிட் திமா காட்டை அருகிலிருந்த பெரிய காட்டிலிருந்து 1986 இல் ஒரு விரைவுச்சாலை பிரித்தது. அதன்மேல் விலங்குகள் கடக்க 62 மீட்டர் நீளப் பசும்பாலம் கட்டி முடிந்தது 2013 இல்.

வேறு வழியே இல்லையென்றால் சாலையை ஓரத்தோடு ஒட்டிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நீளம் கூடும், செலவு கூடும், உட்காடு பிழைக்கும். 5 ஹெக்டேர் நடவைத் தனி நல்ல காரியமாக வரவேற்கலாம், ஈடாக மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காட்டை ஒட்டி வீடு கட்டுகிறோம். ஒரு மரத்தையும் வெட்டப் போவதில்லை. பிறகும் ஏன் ஆட்சேபிக்கிறார்கள்?

வெட்டாமலே கொல்ல முடியும் என்பதால். வேரின் பெரும்பகுதி மேல்மண்ணில், சுமார் 60 செ.மீ. ஆழத்துக்குள் பரவியிருக்கிறது. கிளைகள் கவிந்த வட்டத்தைத் தாண்டியும் வெகுதூரம் போகும். பொக்லைன் முதல் சில தடவை மேலே ஓடும்போதே மண் இறுகிவிடுகிறது. வேருக்குக் காற்றுப் போவதில்லை. மரம் உடனே சாவதில்லை. மூன்றாம் ஆண்டு உச்சிக் கிளை காயும், எட்டாம் ஆண்டு மரம் போகும். அதற்குள் கட்டியவர் பெயரே மறந்திருக்கும்.

பிரிட்டனில் பின்பற்றும் அளவு கைக்கு எளிது: தண்டு விட்டத்தின் 12 மடங்கு ஆரத்துக்கு வட்டம் போட்டு அதற்குள் எதுவும் செய்யக்கூடாது. மிக முதிய மரத்துக்கு 15 மடங்கு, அல்லது கிளைப் பரப்பின் விளிம்பிலிருந்து 5 மீட்டர். எது பெரிதோ அது. 1 மீட்டர் விட்டமுள்ள கிழமரத்துக்கு 15 மீட்டர் ஆகிறது. பழங்காட்டின் எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே குறைந்தது 15 மீட்டர் விடச் சொல்கிறார்கள். குறைந்தது என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

வேலி முதலில், வேலை பிறகு. ரிப்பன் கட்டினால் மதிக்கமாட்டார்கள்; தரையில் ஊன்றிய கம்பி வேலி வேண்டும். வேலிக்குள் மணல் குவிக்கவோ சிமென்ட் கலவை கழுவவோ கூடாது. அந்தத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கும். 15 செ.மீ. மண் கொட்டி மேடாக்கினாலே மூச்சுமுட்டும் மரங்கள் உண்டு. குழாய் கொண்டுபோயே ஆகவேண்டுமென்றால் திறந்த பள்ளம் தோண்டாமல், வேர்மண்டலத்துக்குக் கீழே கிடைமட்டமாகத் துளைபோட்டுச் செருகலாம். மனையின் மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்பதையும் இப்போதே பாருங்கள். காட்டுக்குள் திருப்பிவிட்டால் வேர் அழுகும். காட்டுக்கு வந்துகொண்டிருந்ததை மறித்தால் வற்றும்.

பட்ட மரங்களையும் சருகையும் அகற்றித் ‘தூய்மைப்படுத்த’ நகராட்சி ஆள் அனுப்புகிறது. தீப்பிடிக்கும், தலையில் விழும் என்று காரணம் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

இரண்டு காரணங்களையும் தனித்தனியே எடுக்க வேண்டும். ஒன்றில் நியாயம் உண்டு.

தலையில் விழும் என்பது நியாயமான பயம். ஆனால் விழும் இடத்தில் தலை இருந்தால்தான் ஆபத்து. மரத்தின் உயரத்தை ஆரமாக வைத்து வட்டம் போடுங்கள். அதற்குள் பாதை, பெஞ்சு, வீடு எதுவுமில்லை என்றால் அந்த மரத்தைத் தொட வேண்டியதே இல்லை. பாதை இருந்தால், பாதையை நகர்த்துவது மலிவு. நகர்த்த முடியாத இடத்தில் மரத்தை அடியோடு வீழ்த்தாமல் 3 முதல் 5 மீட்டர் உயரத்தில் மொட்டையாக நிறுத்துங்கள். மரங்கொத்திக்கும் ஆந்தைக்கும் வண்டுக்கும் அந்த முண்டம் போதும். வெட்டியதை அங்கேயே கிடத்துங்கள். பாதைக்குக் குறுக்கே விழுந்த மரத்தில் பாதை அகலத்துக்கு மட்டும் ஒரு துண்டு அறுத்து ஓரமாக உருட்டினால் ஆயிற்று. முழு மரத்தையும் துண்டுபோட்டு லாரியில் ஏற்றுவது விறகு வியாபாரம், பராமரிப்பு அல்ல.

தீ விஷயத்தில் காட்டின் வகை முக்கியம். ஈரமும் நிழலும் உள்ள காட்டில் பருத்த கட்டை எளிதில் பற்றாது. தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் பஞ்சு அது. பற்றுவது காட்டோரத்துக் காய்ந்த புல்லும், வீட்டிலிருந்து கொட்டும் குப்பையும். அந்த ஓரத்தைச் சுத்தமாக வையுங்கள், உள்ளே போகாதீர்கள். ஆனால் சில காடுகள் சிறுதீயோடு வாழப் பழகியவை. கலிபோர்னியாவின் ராட்சத செக்கோயா மரங்களின் காய்கள் சூட்டில்தான் நன்றாகத் திறந்து விதை சிந்தும். அங்கே ஒரு நூற்றாண்டு தீயே வராமல் அணைத்ததில் அடியில் மற்ற மரங்கள் மண்டிக்கொண்டன. 2020, 2021 ஆம் ஆண்டுகளின் பெருந்தீயில் ஆயிரக்கணக்கான பெரிய செக்கோயாக்கள் மாண்டன. உங்கள் காடு அந்த வகை என்றால் ‘தொடவே கூடாது’ என்று வாதாடுவது தவறு. அனுபவமுள்ளவர்களைக் கொண்டு, ஈரப்பதமும் காற்றும் பார்த்துச் சிறுதீ வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. பொந்தைச் சிமென்ட் பூசி அடைப்பதும் வெட்டுக்காயத்தில் தார் தடவுவதும் இன்னும் சில ஊர்களில் நடக்கிறது. மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிடுகிறது. அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நெடுக்கில் அறுத்துப் பார்த்துக் காட்டிய உண்மை இது. சிமென்டுக்காகப் பொந்தைச் சுரண்டினால் அந்தச் சுவர்தான் உடைகிறது.

களைக்கொடிகளும் உண்ணிச்செடியும் ஓரத்திலிருந்து பாதிக்காடு வரை வந்துவிட்டன. ஐம்பது தன்னார்வலர்கள் ஞாயிறுதோறும் தயார். எங்கே தொடங்குவது?

எங்கே மோசமாக இருக்கிறதோ அங்கே தொடங்கத்தான் கை பரபரக்கும். தலைகீழாகச் செய்யுங்கள். சிட்னியில் ஜோன், எய்லீன் பிராட்லி என்ற சகோதரிகள் 1960களில் வகுத்த முறை இன்றும் வேலை செய்கிறது: நல்ல பகுதியிலிருந்து தொடங்கிக் கெட்ட பகுதியை நோக்கி நகர வேண்டும், மண்ணைக் கிளறாமல், சருகை மீண்டும் மூடிவிட வேண்டும், காட்டுச்செடிகள் காலியிடத்தைப் பிடிக்கும் வேகத்துக்கு மேல் களை எடுக்கக் கூடாது. மூன்றாவதுதான் எல்லோரும் மீறுவது. ஒரே நாளில் அரை ஏக்கர் மொட்டையடித்துப் படம் எடுப்பார்கள். அடுத்த மழையில் மண்ணில் கிடந்த களைவிதைகள் வெயில் பட்டு மொத்தமாக எழும்.

மரமேறிய கொடியை இழுத்து இறக்காதீர்கள். கிளையும் கூடும் சேர்ந்து வரும். தரையோடு ஒரு வெட்டு, இடுப்பு உயரத்தில் ஒரு வெட்டு, நடுத்துண்டை அகற்றிவிடுங்கள். மேலே இருப்பது காய்ந்து தானாக உதிரும். அதற்கு முன் எது அயல்கொடி, எது காட்டின் சொந்தக்கொடி என்று தெரிந்த ஒருவர் சுண்ணாம்புக்கட்டியால் குறியிட வேண்டும். நூறு வயதுக் காட்டுக்கொடியைக் களை என்று அறுத்த தன்னார்வலர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உண்ணிச்செடியைத் தரைக்கு மேலே வெட்டினால் பல கிளையாகத் துளிர்க்கும். மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே, துளிர்க்கும் கழுத்துக்கு அடியில் ஆணிவேரை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். பழம் பிடிக்கும் முன்பே முடிக்கவும். அடிக்கட்டையில் களைக்கொல்லி பூசுவதானால் வெட்டிய சில நிமிடங்களுக்குள் தூரிகையால் மட்டும், தெளிக்கவே கூடாது.

ஐம்பது பேர் ஒரே நாளில் மிதித்தால் அதுவும் சேதம்தான். எட்டு எட்டுப் பேராகப் பிரியுங்கள். சுத்தம் செய்த இடத்துக்கு முதல் ஆண்டில் மூன்று முறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வர ஆள் இல்லையென்றால் புது இடத்தைத் தொடாதீர்கள். காட்டோரத்து வீடுகளின் தோட்டக்கழிவு எங்கே போகிறது என்றும் விசாரியுங்கள். களை வந்த வழி பெரும்பாலும் அதுதான்.

காட்டுக்குள் ஆயிரம் கன்று நடலாமா?

வேண்டாம். பெரிய மரம் விழுந்து திறந்த இடத்தை நிரப்ப அங்கே விதைகளும் நாற்றுகளும் காத்திருக்கின்றன. நர்சரி மண்ணோடு வேரழுகல் கிருமியும் வரலாம். நட ஆசையிருந்தால் காட்டுக்கு வெளியே, ஓரத்தை ஒட்டி, அதே காட்டில் எடுத்த விதையிலிருந்து வளர்த்த புதர்களை நடுங்கள். திறந்து கிடக்கும் ஓரத்தை அடர்த்தியாக்கினால் வெயிலும் காற்றும் உள்ளே போவது குறையும். அதே காரணத்துக்காக ஓரத்து மரங்களின் தாழ்ந்த கிளைகளைக் கழிக்கவும் கூடாது.

பெரிய மரங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் முழங்கால் உயரக் கன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மண் கெட்டுவிட்டதா?

மண்ணா, மேய்ச்சலா என்று வேலி சொல்லும். 10 × 10 மீட்டருக்கு 2.4 மீட்டர் உயர வேலி போட்டு, பக்கத்திலேயே அதே அளவு இடத்தை மூலைக்கல் மட்டும் நட்டுத் திறந்து விடுங்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து இரண்டிலும் கன்றுகளை எண்ணுங்கள். வேலிக்குள் மட்டும் எழுந்திருந்தால் மான் அல்லது கால்நடை. இரண்டிலும் இல்லையென்றால் இறுகிய மண், அடர்நிழல், விதையின்மை ஆகியவற்றைத் தேடலாம். ஒரே ஒரு வேலியை நம்பாதீர்கள், குறைந்தது மூன்று வேண்டும்.

நடைபாதை போட்டால் மக்களுக்குக் காட்டின்மேல் பற்று வரும் என்கிறார் ஒருவர். போட்டால் காடு கெடும் என்கிறார் இன்னொருவர்.

இருவரும் சொல்வது சரி. பாதை இல்லாத காட்டில் மக்கள் பத்துப் பாதை போடுவார்கள். ஆகவே ஒன்று போடுங்கள், வெளிப்பகுதியில் மட்டும், 1.2 மீட்டர் அகலத்தில். சரிவில் நேராக ஏற்றினால் பாதை வாய்க்காலாகிவிடும். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் பாதியைத் தாண்டாமலும், சராசரியாக 10 சதவீதத்துக்குள்ளும் இருக்கட்டும். தண்ணீர் குறுக்கே கடந்து வெளியேற வெளிவிளிம்பு லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். வேர் துருத்தும் இடத்தில் மண் கொட்டாமல், தூண்களின்மேல் பலகை நடைபாதை. சேற்றைச் சுற்றிப் போகப்போக ஒற்றையடிப் பாதை நான்கடியாகும்; எனவே சேறாகும் இடத்தை முதலில் கவனியுங்கள்.

நுழைவாயிலில் செருப்பு, ஷூ சுத்தம் செய்ய இடம் வையுங்கள். நியூசிலாந்தின் கௌரி மரங்களைக் கொல்லும் பைட்டோப்தோரா கிருமி காலணி மண்ணில் பயணிக்கிறது. ஆக்லாந்தை ஒட்டிய வைடாகெரே மலைக்காட்டின் பெரும்பகுதியை 2018 இல் மூடவேண்டி வந்தது. மண்ணை முதலில் பிரஷ்ஷால் தேய்த்து நீக்கிவிட்டுத்தான் மருந்து தெளிக்க வேண்டும். மண்ணின்மேல் தெளிப்பது வீண்.

நாய்க்குக் கயிறு கட்டாயம். பெல்ஜியத்தின் கென்ட் நகரை அடுத்த இயற்கைப் பகுதிகளில் நாய்க்கழிவால் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 11 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பாஸ்பரசும் சேர்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். உரம்தானே என்று நினைக்க வேண்டாம். சத்துக் குறைந்த மண்ணில் வாழப் பழகிய செடிகளை, சத்தை விரும்பும் களைகள் விழுங்கிவிடும்.

இன்றைய நகராட்சி காட்டைக் காப்போம் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. போதுமா?

போதாது. ஒரு கூட்டம் போட்ட தீர்மானத்தை அடுத்த கூட்டம் ரத்து செய்யும். நிலப் பத்திரத்திலேயே தடை ஏற வேண்டும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நிலம் உரிமையாளரிடமே இருக்க, கட்டும் உரிமையையும் வெட்டும் உரிமையையும் மட்டும் ஓர் அறக்கட்டளைக்கு நிரந்தரமாக எழுதிக்கொடுக்கச் சட்டம் இருக்கிறது. நிலம் கைமாறினாலும் அந்தத் தடை கூடவே போகும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் இதற்கு இணையானது எது என்று நிலச்சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

தனியார் வாங்கிக் காத்தாலும் சட்டப்படி கட்டாயமாகப் பறிக்க யாராவது வரலாம். கலிபோர்னியாவில் வில்லியம் கென்ட் தம்பதியர் 1905 இல் 611 ஏக்கர் ரெட்வுட் என்னும் நெடுமரக் காட்டை 45,000 டாலருக்கு வாங்கினார்கள். 1907 இல் ஒரு தண்ணீர் நிறுவனம் அணை கட்ட அதைக் கட்டாயமாக எடுக்க வழக்குத் தொடுத்தது. கென்ட் அதில் 295 ஏக்கரை நாட்டின் மைய அரசுக்கே தானம் செய்தார். 1908 ஜனவரி 9 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். இன்றைய மியூர் வுட்ஸ் அதுதான். உள்ளூர் அழுத்தம் எட்டாத உயரத்துக்குக் காட்டை ஏற்றியதுதான் அந்த உத்தி.

பத்திரத்தில் ‘இயற்கையாகப் பேண வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் பூங்காவும் இயற்கைதான் என்பார்கள். எல்லையை ஆயத்தொலைவுகளோடு வரையுங்கள். கூடாதவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: சாலை, குழாய், விளக்கு, பட்டமரம் அகற்றல், நடவு. ஆண்டுதோறும் யார் சுற்றிப்பார்த்து அறிக்கை தரவேண்டும், மீறினால் யார் வழக்குப் போடலாம், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்ற மூன்றும் இல்லாத பத்திரம் வெறும் காகிதம்.

வெட்டிய காடு மறுபடி பழங்காடாக எத்தனை வருஷம் ஆகும்?

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் டக்ளஸ் ஃபர் காடுகளில் பழங்காட்டின் குணங்கள் தென்படவே 175 முதல் 250 ஆண்டுகள் ஆகின்றன. மண் உழப்படாமல், அருகே தாய்க்காடும் இருந்தால்.

பெயர்ப்பலகையை மரத்தில் ஆணியடிக்கலாமா?

கூடாது. தனிக்கம்பம் நடுங்கள், பாதையின் விளிம்பில், கையால் குழி தோண்டி. விரல் பருமனுக்கு மேல் வேர் தட்டுப்பட்டால் குழியை மூடிவிட்டு ஒரு முழம் தள்ளித் தோண்டுங்கள்.